டிசி வாங்கிவிடாதீர்கள்: கைக்குழந்தையோடு படிப்பைத் தொடர ஒரு வழிகாட்டி

கேரளத்தில் 2019-ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகள் 20,995. அந்த ஆண்டின் மொத்தப் பிறப்புகளில் இது 4.37 சதவீதம். அரசின் பிறப்பு-இறப்புப் புள்ளிவிவர அறிக்கை சொல்லும் கணக்கு இது. இன்னொன்றையும் அதே அறிக்கை காட்டியது. அந்தத் தாய்மார்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே. பெரும்பாலோர் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள், பட்டப்படிப்பை முடிக்காதவர்கள். அதாவது படித்துக்கொண்டிருந்த வயதில் தாயானவர்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை இதைவிடக் கடினம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், 15-19 வயதுப் பெண்களில் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கருவுற்றிருந்தவர்கள் கேரளத்தில் 2.4 சதவீதம், தமிழ்நாட்டில் 6.3 சதவீதம், இந்தியா முழுவதும் 6.8 சதவீதம்.

கொச்சி மட்டாஞ்சேரியையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. வெலிங்டன் தீவின் வாத்துருத்தியில் பிழைப்புக்கு வந்து தங்கிவிட்ட தமிழர்கள் உண்டு. இந்த வீடுகளில் ஒரு பெண் பதினேழிலோ பதினெட்டிலோ தாயானால், "படிச்சது போதும்" என்ற பேச்சு தானாக வந்துவிடுகிறது. போதாது. படிப்பைத் தொடர அரசே பல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. எந்த வயதில் எந்த வழி என்று தெரியாமல்தான் ஆண்டுகள் வீணாகின்றன.

முதலில் பெயரைக் காப்பாற்றுங்கள்

வயிறு வெளியே தெரியத் தொடங்கியதும் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அப்பாவோ மாமாவோ பள்ளிக்குப் போய் டிசி (மாற்றுச் சான்றிதழ்) வாங்கி வந்துவிடுவார்கள். நாலு பேர் பேசுவதற்கு முன் விஷயத்தை முடித்துவிட்டதாக நினைப்பு. உண்மையில் அன்றுதான் சிக்கல் ஆரம்பம். டிசி வாங்கிவிட்டால் திரும்பிச் சேர புது விண்ணப்பம், புது இடம், புது விளக்கம். பெயர் பதிவேட்டில் இருந்தால் விடுப்பு முடிந்து போய் உட்கார்ந்தால் போதும்.

எனவே ஒன்றைச் செய்யாதீர்கள், ஒன்றைச் செய்யுங்கள். டிசி கேட்காதீர்கள். எழுத்தில் விடுப்பு கேளுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் பள்ளியே பெயரை நீக்கிவிடும். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, மருத்துவக் காரணத்தால் எனக்கு இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை விடுப்பு வேண்டும். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். என் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டுப் பொதுத் தேர்வை எழுத விரும்புகிறேன்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்து, மற்றொன்றில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். என்ன மருத்துவக் காரணம் என்று வகுப்பு முழுக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. பள்ளியில் ஆலோசகர் இருந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். கேரளத்தின் பல அரசுப் பள்ளிகளில் மகளிர்-குழந்தைகள் மேம்பாட்டுத் துறை ஆலோசகர்களை நியமித்திருக்கிறது. உங்கள் சார்பில் தலைமையாசிரியரிடம் பேச அவர்தான் பொருத்தமான ஆள்.

பேறுகாலத்தால் பொதுத் தேர்வில் ஒன்றிரண்டு பாடம் போய்விட்டால் கேரளத்தில் 'சே' தேர்வு இருக்கிறது. ஓராண்டு வீணாகாமல் இருக்க நடத்தப்படும் தேர்வு அது. முடிவு வந்த உடனே விண்ணப்பத் தேதியைப் பள்ளி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அவகாசம் குறைவாகவே இருக்கும்.

வயதுக்கு ஏற்ற வழி

பள்ளிக்கே திரும்ப முடியாத நிலை என்றால் நான்கு கதவுகள் உண்டு. தவறான கதவின் முன் காத்திருக்காமல் இருக்க, உங்கள் வயதையும் கடைசியாகத் தேறிய வகுப்பையும் வைத்துப் பாருங்கள்.

ஏழாம் வகுப்பு முடித்து, பத்து முடிக்காமல், 17 வயது நிரம்பியிருந்தால்: கேரள மாநில எழுத்தறிவு இயக்கமான சாக்ஷரதா மிஷனின் பத்தாம் வகுப்புத் துல்யதா (சமநிலை) படிப்பு. வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் அரசுப் பள்ளிகளில் நடக்கும். வாரத்தில் ஒரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் போதும். இதில் தேறிய சான்றிதழ் மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் செல்லும். தமிழ் வழியில் எழுத வேண்டுமானால் சேரும்போதே மையத்தில் சொல்லிவிடுங்கள்.

பத்து தேறி, பிளஸ் டூ முடிக்காமல், 22 வயதுக்குக் கீழே இருந்தால்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சாக்ஷரதா மிஷனின் மேல்நிலைத் துல்யதா படிப்பில் சேர 22 வயது ஆகியிருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்காரர் அதற்காக நான்கு ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை. முன்பு மாநிலத் திறந்தநிலைப் பள்ளி என்று அறியப்பட்ட ஸ்கோல் கேரளா வழியாக பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்ஐஓஎஸ் இன்னொரு வழி.

என்ஐஓஎஸ் கைக்குழந்தைக்காரர்களுக்கு மிகவும் தோதானது. பத்தாம் வகுப்புக்கு 14 வயது, பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயது நிரம்பியிருந்தால் சேரலாம். ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது பொதுத் தேர்வு வாய்ப்புகள். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை இரண்டு, அடுத்த முறை இரண்டு என்று எழுதலாம். வேறு வாரியத்தில் ஏற்கெனவே தேறிய இரண்டு பாடங்கள் வரை இங்கே மாற்றிக்கொள்ளவும் விதி உண்டு. பத்தாம் வகுப்பைத் தமிழிலேயே எழுதலாம். மண்டல மையம் கொச்சியிலேயே இருக்கிறது.

பிளஸ் டூ தேறியிருந்தால்: கொல்லத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ரீ நாராயண குரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், கொச்சியில் மண்டல மையம் வைத்திருக்கும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோ. இக்னோவின் பி.ஏ. பட்டத்தை மூன்று ஆண்டில் முடிக்கலாம்; ஆறு ஆண்டு வரை இழுக்கவும் அனுமதி உண்டு. நேரடிக் கல்லூரிதான் வேண்டும் என்பவர்களுக்கு மட்டாஞ்சேரி பகுதியிலேயே கொச்சின் காலேஜ் இருக்கிறது.

கொல்லத்தைச் சேர்ந்த பாகீரதி அம்மா 105 வயதில் சாக்ஷரதா மிஷனின் நான்காம் வகுப்புத் தேர்வை எழுதித் தேறியதை நாடே கொண்டாடியது. பெண்களுக்கான நாரி சக்தி விருதும் அவருக்குக் கிடைத்தது. அவர் பள்ளியை விட்டது சிறுமியாக இருந்தபோது. தாய் இறந்துவிட, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பின்னர் இளம் வயதிலேயே கணவரையும் இழந்து ஆறு பிள்ளைகளை வளர்த்தார். குழந்தை பார்க்கும் பொறுப்பு ஒரு பெண்ணின் படிப்பை எத்தனை ஆண்டுகள் தள்ளிப்போடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். கதவு எப்போதும் திறந்திருக்கிறது என்பது உண்மை. அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கல்லூரியில் இருப்பவர்களுக்கு 60 நாள்

கொச்சின் காலேஜ் உட்பட எர்ணாகுளம் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் பலவும் கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 18 வயது நிரம்பிய பட்ட, பட்ட மேற்படிப்பு மாணவிகளுக்கு 60 நாள் பேறுகால விடுப்பு என்று அந்தப் பல்கலைக்கழகம் 2022 டிசம்பரில் முடிவெடுத்தது. 2023 ஜனவரியில் மாநில உயர்கல்வித் துறை தன் கீழுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் இதை விரிவுபடுத்துவதாக அறிவித்தது. மாதவிடாய் நாட்களுக்காக மாணவிகளின் வருகைப்பதிவு வரம்பு 75-லிருந்து 73 சதவீதமாகத் தளர்ந்ததும் அப்போதுதான். களமசேரியில் உள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் (குசாட்) அதைத் தொடங்கி வைத்தது.

மகாத்மா காந்தி பல்கலைக்கழக விடுப்பின் நெளிவுசுளிவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்கு முன்போ பின்போ எடுக்கலாம். ஒரு படிப்புக் காலத்தில் ஒருமுறைதான். முதல் அல்லது இரண்டாம் கருவுக்கு மட்டும். இடையில் வரும் விடுமுறை நாட்களும் அறுபதுக்குள் அடக்கம். கருச்சிதைவு என்றால் 14 நாள். விடுப்பு தொடங்க மூன்று நாள் முன்னதாக மருத்துவச் சான்றைக் கொடுக்க வேண்டும். விடுப்பெடுத்த பருவத்தின் தேர்வுக்குப் பதிவு மட்டும் செய்துவிட்டு, உங்கள் வகுப்போடு அடுத்த பருவத்துக்குப் போய், விட்ட தேர்வை அடுத்த தொகுதியினர் எழுதும்போது துணைத் தேர்வாக எழுதலாம். ஆகவே ஓராண்டு பின்தங்க வேண்டியதில்லை.

இந்த விடுப்பு எளிதாக வந்ததல்ல. 2016-இல் கண்ணூர் பல்கலைக்கழக பி.எட். மாணவி ஒருவரின் வழக்கில், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வருகைப்பதிவில் தளர்வு கேட்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. 2021 டிசம்பரில் மாணவிகளுக்குப் பேறுகால விடுப்பு விதிகளை வகுக்கும்படி பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2023 மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம், படிக்கும் உரிமை, பிள்ளை பெறும் உரிமை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஒரு பெண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற வகையில் தீர்ப்பளித்தது. அலுவலகத்தில் யாராவது "அப்படி ஒரு விதியே இல்லை" என்றால், பல்கலைக்கழக உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பதினெட்டுக்குக் கீழே என்றால்

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயந்து ஏழு, எட்டு மாதம் வரை பெண்ணை வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பெண் கருவுற்றிருப்பதை அறிந்த மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தந்தே ஆக வேண்டும். திருமணம் ஆகியிருந்தாலும் அதுதான் சட்டம். ஆனால் அந்த வழக்கில் பெண் குற்றவாளி அல்ல. அவளுடைய பெயரையும் படத்தையும் வெளியிடுவதுதான் குற்றம். தாமதமாகப் போவதால் வழக்கு மறைந்துவிடாது. ரத்தசோகையும் ரத்த அழுத்தமும்தான் கவனிக்கப்படாமல் போகும். இளம் வயதுப் பிரசவத்தில் இந்த இரண்டும் உயிருக்கே ஆபத்தாகலாம். மட்டாஞ்சேரியிலேயே அரசு மகளிர்-குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள் போய்விடுங்கள்.

பதினெட்டுக்கு முன் திருமணம் செய்துவைக்கப்பட்ட பெண் அதை ரத்து செய்ய விரும்பினால், பதினெட்டு நிரம்பிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் தரும் உரிமை இது. ரத்தானாலும் பிறந்த குழந்தை சட்டப்படியான குழந்தையே. பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். திருமணமாகாத தாய், தந்தையின் பெயரைச் சொல்லாமலே குழந்தையின் பிறப்புச் சான்றிதழைப் பெறலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தில் கேட்க வேண்டும்.

மிரட்டலோ அடியோ இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181. மனம் தளர்ந்து போனால், யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றினால், கேரள அரசின் திசா எண் 1056. பிரசவத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் அழுகை நிற்கவில்லை, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் அது உங்கள் குணக்கேடு அல்ல. அது ஒரு நோய், மருந்து உண்டு.

வீட்டில் நேரம் கேட்டு வாங்குங்கள்

"கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று கேட்டால் வேலை நடக்காது. கொஞ்சம் என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவாக மாறும். மணிக்கணக்கோடு, முடிவுத் தேதியோடு கேளுங்கள்:

"அத்தை, ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிலேர்ந்து மதியம் ரெண்டு மணி வரைக்கும் எனக்கு கிளாஸ் இருக்கு. பரீட்சை முடியுற வரைக்கும்தான். அந்த நேரம் மட்டும் பாப்பாவை நீங்க வச்சுக்கணும். சோறு, துணி எல்லாம் முடிச்சு வச்சுட்டுப் போறேன்."

மாமியாருக்கும் வேலை இருக்கும், முதுகுவலி இருக்கும். அதனால் ஒருவரை மட்டும் நம்பாதீர்கள். கணவர், நாத்தனார், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா என்று இரண்டாவது பெயர் ஒன்று எப்போதும் இருக்கட்டும். யாருக்கு எந்தக் கிழமை என்பதை எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். குறிப்பாகக் கணவரின் பெயர் அதில் இருக்கட்டும். பிள்ளையின் அப்பா செய்வதற்குப் பெயர் உதவி இல்லை, பொறுப்பு.

மூன்று மாதக் குழந்தையோடு நாலு மணி நேரம் தொடர்ந்து படிப்பது நடக்காத காரியம். இருபத்தைந்து நிமிடத் துண்டுகளாக வெட்டுங்கள். விடியற்காலைப் பால் கொடுத்துக் குழந்தை உறங்கியதும் கணக்கு. தலை தெளிவாக இருக்கும் நேரம் அது. மதியத் தூக்கத்தில் எழுத்து வேலை. பால் கொடுக்கும்போது, போனில் பதிவு செய்து வைத்த பாடத்தைக் காதில் கேட்பது. குழந்தை உறங்கும் எல்லா நேரமும் படித்துத் தீர்க்கவும் கூடாது. ஒரு தூக்கத்திலாவது நீங்களும் சேர்ந்து உறங்குங்கள்.

வகுப்புக்குப் போகும் நாளில் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் என்று சொல்லப்படும் கணக்கு 25 டிகிரி வரைக்கும்தான். கொச்சியின் ஏப்ரல், மே புழுக்கத்தில் அதை நம்பாதீர்கள்; உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். அங்கே நான்கு நாள் தாங்கும்.

அடுத்த குழந்தையைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் குறைந்தது 24 மாத இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' கருத்தடை ஊசி, 'சாயா' கருத்தடை மாத்திரை ஆகியவை அரசுத் திட்டத்தில் இலவசம். பாலூட்டும் தாய்க்கு எது எப்போது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு குழந்தையோடு படிப்பை முடித்தவர்கள் பலர். அடுத்தடுத்து இரண்டு என்றால் மிகக் கடினம்.

பணமும் உணவும்

பக்கத்து அங்கன்வாடியில் கர்ப்ப காலத்திலேயே பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை குழந்தைக்கு குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் தயாரிக்கும் 'அமிர்தம்' சத்துமாவு அங்கே கிடைக்கும். பகலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் 'பால்னா' காப்பகம் அருகில் இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்கலாம்.

முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் தரும் மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்துக்கு வயது வரம்பு உண்டு: தாய்க்கு 18 வயது 7 மாதம் ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் அந்தப் பணத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். திருமணமாகாத தாய்மார்களுக்குக் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் 'ஸ்நேகஸ்பர்சம்' என்ற மாத உதவித்தொகை தருகிறது. குழந்தையின் பிறப்பை 21 நாளுக்குள் பதியுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் பின்னால் ஒவ்வொரு திட்டத்திலும் அலைய வேண்டும்.

வேலை: எதை எப்போது எடுப்பது

பதினெட்டு முடிந்ததும் எளிதில் கிடைக்கும் வேலைகள் இரண்டு. எர்ணாகுளம் பிராட்வே, எம்.ஜி. ரோடு துணிக்கடைகள், அரூர் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைகள். இரண்டும் முழு நாளையும் தின்றுவிடும். பணத் தேவை கழுத்தை நெரித்தால் போகத்தான் வேண்டும். அப்போதும் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். கேரளத்தில் கடை ஊழியருக்கு உட்காரும் உரிமை 2018 முதல் சட்டம். கோழிக்கோட்டு விற்பனைப் பெண்கள் போராடி வாங்கியது அது. பேறுகாலப் பயன் சட்டம் பொருந்தும் நிறுவனத்தில் முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு பிரசவத்துக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும்.

என் யோசனை இது: வீட்டில் சோற்றுக்குப் பிரச்சினை இல்லையென்றால், பிளஸ் டூ முடிக்கும் வரை முழுநேர வேலை எடுக்காதீர்கள். கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பிஎஸ்சி) கடைநிலை ஊழியர் பணிக்கு ஏழாம் வகுப்பு போதும். ஆனால் செவிலியர் படிப்பு, அங்கன்வாடி ஆசிரியர் வேலை, கணினிப் படிப்புகள் பலவற்றுக்கும் பிளஸ் டூ கேட்கிறார்கள். சம்பளமும் மரியாதையும் அந்த ஒரு சான்றிதழில் மாறுகின்றன. இடையில் காசு வேண்டுமானால் வீட்டிலிருந்தே தையல், ஆல்டரேஷன், கணக்கெழுதுவது என்று சிறிதாகத் தொடங்குங்கள். 18 முதல் 40 வயது வரையிலான பெண்களுக்குக் குடும்பஸ்ரீயில் 2021 முதல் தனித் துணைக்குழுக்கள் இருக்கின்றன. பயிற்சி, கடன் பற்றிய தகவல் முதலில் வந்து சேர்வது அங்கேதான்.

நேர்காணலில் "ஏன் இரண்டு ஆண்டு இடைவெளி?" என்று கேட்டால் தலை குனிய வேண்டாம். "குழந்தை பிறந்தது. அந்த நேரத்தில் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டு முடித்தேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இந்த வாரமே மூன்று வேலை

ஆதார், கடைசி மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் ஒரு பையில் போடுங்கள். பள்ளிக்கோ, துல்யதா மையத்துக்கோ, என்ஐஓஎஸ் மையத்துக்கோ நேரில் போய் அடுத்த சேர்க்கைத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் யார் எந்த நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பேசி முடியுங்கள்.

இதைப் படிக்கும் அப்பா, அம்மா, மாமியார், ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. நடந்ததைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு நீங்கள் சொல்ல நினைப்பதெல்லாம் அவளுக்கே தெரியும். அவளுக்கு இப்போது வேண்டியது வாரத்தில் நான்கு மணி நேரமும் பதிவேட்டில் ஒரு பெயரும். இரண்டையும் உங்களால் கொடுக்க முடியும். கொடுங்கள்.